பந்தரும் நிழலும்

பந்தல் என்றாலும் பந்தர் என்றாலும் பொருள் ஒன்றே. சொல்லின் ஈற்றிலே லகர மெய் நின்ற இடத்தில் ரகர மெய் போலியாய் வந்து நிற்கின்றது. சாம்பல், சாம்பர் எனவும் குடல், குடர் எனவும் வழங்குதல் போல்வது இது. இலக்கண நூலார் இதனைக் கடைப்போலி என்பர்.

சென்ற பங்குனியில் ஒரு நாள், நண்பகலை அண்டிய பாடவேளையில், இதனை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இரண்டிலும் எது கூடக் குளிரும்?" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபின் அவனை உற்றுப் பார்த்தேன். சட்டை முதுகிலே ஒட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே சீற்றுக் கூரை. சாளரத்துக்கு வெளியே மரமில்லாத முற்றம். அம்முற்றத்திலே வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருந்தது மணல். அவன் குறும்பாகக் கேட்டானோ, மெய்யாகவே கேட்டானோ, அறியேன். அவ்வினா மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒரு பரிசளிப்பு விழா

பந்தலின் கீழிருந்தே வெந்த கதை ஒன்று எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவிலே சிறப்புரை ஆற்றச் சென்றிருந்தேன். மாதம் அதே பங்குனி. நேரம் பிற்பகல் இரண்டு மணி. மண்டபத்தின் மேற்குச் சுவரோடு ஒட்டித் தகரப் பந்தல் ஒன்று இட்டிருந்தார்கள். இரும்புக் குழாய்க் கால்கள். ஏழடி உயரத்திலே தகரம். மூன்று பக்கமும் அழகுக்காகக் கட்டிய துணி. விருந்தினராகிய எங்களுக்கு மண்டபத்து மேடையிலே மின்விசிறியின் கீழ்க் கதிரைகள். பிள்ளைகளுக்குத் தகரத்தின் கீழ் வாங்குகள். அங்கும் இடம் போதாத சிறுவர்கள் பந்தலுக்கு வெளியே, வெயிலிலே, வரிசையாக நின்றார்கள்.

வரவேற்புரை நீண்டது. தலைமையுரை அதனினும் நீண்டது. என் முறை வந்தபோது, சங்கச் சான்றோர் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்த சிறப்பினை நானும் விரித்துரைத்தேன். பேச்சின் நடுவே, பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி வாங்கிலிருந்து சரிந்தாள். ஆசிரியை ஒருவர் ஓடிவந்து தூக்கிச் சென்று முகத்திலே நீர் தெளித்தார். சிறிது நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டாள் என்று அறிவித்தார்கள். விழா தொடர்ந்தது. நானும் விட்ட இடத்திலிருந்து என் பேச்சைத் தொடர்ந்தேன். அதனை எண்ணுந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

பந்தல் இருந்தது. நிழலும் இருந்தது. ஆயினும் குளிர்ச்சி இல்லை. ஏன்?

தண்மை என்னும் அடை

அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். கால்களை வரிசையாய் நிறுத்தி அமைத்த பந்தர். அது பெரிய பந்தர். அதன் கீழே கொணர்ந்து பரப்பிய மணல். அப்பந்தருக்குத் தண்மையையும் ஓர் அடையாகச் சேர்க்கின்றார் புலவர். மணம் நிகழ்ந்ததோ இருள் நீங்கிய விடியற்காலையில்.

இப்பாட்டைப் பல ஆண்டுகள் படிப்பித்திருக்கின்றேன். அடைகளைச் செய்யுளின் அழகு என்று கொண்டு கடந்து போனதும் உண்டு. அச்சிறுமி சரிந்த நாளுக்குப் பின்னரே அவை ஒவ்வொன்றும் ஒரு தொழிற்குறிப்பாக எனக்குத் தோன்றின. கால்கள் வரிசையாய்த் தெரிகின்றன என்றால் பக்கங்கள் அடைபடவில்லை. காற்று ஊடறுத்துச் செல்லும். பந்தர் பெரிதென்றால் ஓரத்தாற் சாய்ந்து புகும் வெயில் நடுவிலிருப்போரை அணுகாது. மணல் கொணர்ந்து பரப்பியதென்றால் அது முற்றத்திலே கிடந்து காய்ந்த மணல் அன்று. வேளையோ ஞாயிறு ஏறுமுன் உள்ள வேளை. இத்தனையும் கூடிய இடத்திலேதான் தண்மை என்னும் சொல்லைப் புலவர் வைத்தார். இது என் கருத்து. பேரறிஞர் வேறு கூறின் கேட்டுக்கொள்வேன்.

முதியவர் கேட்ட மூன்று கேள்விகள்

கிடுகுப் பந்தல் இடுவதிலே கைதேர்ந்த முதியவர் ஒருவர் எங்கள் அயலில் இருக்கின்றார். எண்பதை அண்டியவர். மாணாக்கனின் வினா என்னை அவரிடம் கொண்டு சென்றது. பரிசளிப்பு விழாவில் நடந்ததையும் சொன்னேன்.

"தகரத்துக்கும் பிள்ளையளின்ரை தலைக்கும் இடையிலை எவ்வளவு இடம், வாத்தியார்?" என்றார்.

"மூன்றடிதான் இருக்கும், அப்பு."

"சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலை?"

"ஒட்டித்தான் இருந்தது."

"மற்றப் பக்கமெல்லாம் துணி. அப்ப சூடு போற வழி எங்கை?"

அவ்வளவே. வெப்பம் பற்றிப் பாடநூல் பல பக்கங்களிற் கூறுவதை மூன்று கேள்வியிலே அடக்கிவிட்டார். வெயிலிற் கிடந்த தகரம் கைவைக்க ஒண்ணாதபடி காய்கின்றது. காய்ந்த தகரம் தன் கீழே இருப்போர்மேல் வெப்பத்தை வீசுகின்றது. அதனோடு தொட்ட காற்றும் சூடாகின்றது. சூடேறிய காற்று மேலெழும் இயல்பினது. எழுந்து செல்ல வழியில்லையாயின் தகரத்தின் அடியிலேயே தேங்கி நிற்கும். ஒளியைத் தடுத்த பந்தல் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. பிள்ளைகள் இருந்த இடம் நிழலும் அடுப்பும் கூடிய இடம்.

இங்கே ஒன்றை நன்கு மனங்கொள்ள வேண்டும். திறந்த வெளியில் இட்ட பந்தல் காற்றின் வெப்பத்தைப் பெரிதும் குறைப்பதில்லை. வெயிலிலும் நிழலிலும் வீசும் காற்று ஏறக்குறைய ஒன்றே. பந்தல் தடுப்பது ஞாயிற்றின் கதிரை. மேகமற்ற நண்பகலில், உச்சி வெயிலிலே, ஒரு சதுர மீற்றர் நிலத்திலே விழும் கதிரின் வலு ஏறத்தாழ 1,000 உவாற்று. துணி தேய்க்கும் மின்னழுத்தி ஒன்றின் வலு ஏறக்குறைய அவ்வளவே. 20 அடிக்கு 30 அடி முற்றம் என்றால் 600 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 56 சதுர மீற்றர். அம்முற்றத்திலே 56 மின்னழுத்திகளை ஒருங்கே சூடேற்றி வைத்தல் எப்படியோ, அப்படியே உச்சி வெயிலில் அது காய்கின்றது. அத்தனை வெப்பமும் மணலிலும் சுவரிலும் கூரையிலும் படுமுன் வெளியிலேயே தடுக்கப்பட வேண்டும். பட்டபின் உள்ளே திரைச்சீலை கட்டுவதனாற் பயன் சிறிதே. சுவர் பகலிலே வாங்கிய வெப்பத்தை மாலையிலும் இரவிலும் மெல்ல மெல்ல உள்ளே விடும்.

முதியவர் இதனை வேறு விதமாகச் சொன்னார்: "வெயில் வீட்டுக்குள்ளை வந்தாப் பிறகு படலையைச் சாத்தி என்ன பிரயோசனம்?"

ஞாயிறு செல்லும் வழி

பந்தல் இடுமுன் ஞாயிறு எவ்வழியாகச் செல்கின்றது என்று பார்த்தல் வேண்டும். இலங்கைத் தீவிலே ஏப்ரல் மாதத்தின் 5ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரை ஞாயிறு தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊரின் உச்சியையும் கடந்து செல்கின்றது. யாழ்ப்பாணத்துக்கு அந்நாள் ஏப்ரல் நடுப்பகுதி; நமது சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்கள். மீண்டும் ஓகஸ்ற் இறுதியில் ஒருமுறை உச்சிக்கு வருகின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாட் பெருவிழாவும் அப்பருவத்தை ஒட்டியே வருகின்றது. அடியார்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த நம் முன்னோர் காலமறிந்தே வைத்தனர்.

உச்சிக்கு வரும் நாட்களிலே யாழ்ப்பாணத்தில் நண்பகல் என்பது கடிகாரத்தில் ஏறத்தாழ 12 மணி 10 நிமிடம். அப்பொழுது வெயில் நேர்மேலிருந்து விழும். அதனை ஏற்பது கூரை. சுவருக்கு அவ்வேளையிற் பெரிய துன்பம் இல்லை. ஆதலின் பாடசாலை நடைபெறும் வேளையிலே முதலிற் காக்கப்பட வேண்டியது கூரை. அடுத்தது காலை வெயிலை வாங்கும் கிழக்குச் சுவர். தகரக் கூரையின்மேல் ஓலை பரப்பும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. அதனை வறியவர் வழக்கம் என்று இகழ்வோர் அதன் கீழே ஒரு நண்பகல் இருந்து பார்ப்பாராக. ஓலையைத் தகரத்தோடு ஒட்டாமல், சலாகை கொடுத்துச் சிறிது தூக்கி இட்டால் இடையிலே காற்று ஓடும், பயன் பன்மடங்காகும்.

பிற்பகல் விழாவுக்குப் பகைவன் மேற்கு வெயில். ஒரு தடியை நட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். உச்சி நாட்களிலே பிற்பகல் 3 மணி 10 நிமிடமளவில் தடியின் நீளமும் அதன் நிழலின் நீளமும் ஒத்திருக்கும். 10 அடிச் சுவரின் தலையிலிருந்து 10 அடி நீளத்துக்குப் பந்தலை நீட்டினால் அந்நேரத்தில் வெயில் சுவரின் அடியை மட்டும் தொடும். அதற்கு ஒரு மணி முன்னரென்றால் ஏறத்தாழ 6 அடியே போதும். ஒரு மணி பின்னரென்றால் 17 அடியும் போதாது. வெயில் அவ்வளவு சாய்ந்துவிடுகின்றது. ஆதலின் மேற்கிலே பந்தலை நீட்டிக்கொண்டே போவதிற் பயனில்லை. அதன் மேற்கு விளிம்பைத் தாழ்த்தி, அங்கிருந்து தட்டி ஒன்றைத் தொங்கவிடுதலே வழி. அத்தட்டியும் நிலத்தைத் தொடலாகாது. கீழே மூன்றடியாவது காற்றுக்கு விட வேண்டும்.

கிடுகும் தறப்பாளும் வலையும்

கிடுகு என்பது தென்னோலையை நடுவே கிழித்து, நீரில் ஊறவைத்துப் பின்னுவது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும்போது அடுக்குகளுக்கிடையிலே காற்றுத் தங்குகின்றது. மேலோலை காய்ந்தாலும் கீழோலை அவ்வளவு காய்வதில்லை. இடுக்குகளாற் சூடு கசிந்து வெளியேறும். மங்கல வீட்டுப் பந்தலிலே கிடுகின் கீழே வெள்ளைத் துணி விதானம் கட்டுவதுண்டு. அது தூசியைத் தாங்குவதற்கும் மங்கலத்துக்கும் என்றே கருதுகின்றோம். இரண்டு கூரையும் இடையிலே ஒரு காற்றடுக்குமாக அமைந்து, வெப்பத்தையும் அது தடுக்கின்றது.

தறப்பாளின் கதை வேறு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது நான் இளைஞன். மாமரத்தின் கீழும் ஓலைக் கொட்டில்களிலும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம். அதன் பின்வந்த ஆண்டுகளிலே தறப்பாள் கட்டிய கொட்டகைகளிலும் படிப்பித்தேன். மழைக்குத் தறப்பாள் தெய்வம்; வெயிலுக்கு அஃது எமன். காற்றையும் விடாது, சூட்டையும் விடாது. காலையில் மாமரத்தின் கீழ் எழுத்துக் கூட்டிய பிள்ளை, பிற்பகலில் தறப்பாளின் கீழ்க் கண்ணயர்ந்துவிடும். பிள்ளையைக் கடிந்திருக்கின்றேன். கடிந்தது தவறு.

இக்காலத்திலே நாற்றுமேடைகளுக்கு இடும் நிழல்வலை கடைகளிற் கிடைக்கின்றது. வெயிலிற் பாதியைத் தடுப்பதும் முக்காற் பங்கிற்கு மேல் தடுப்பதும் என அதிலே பல தரம் உண்டு. காற்று அதனூடே செல்லும். பிள்ளைகள் அமரும் இடத்துக்கு அடர்ந்த தரமே ஏற்றது. வெளிர் நிறம் வெயிலைத் திருப்பிவிடும். கறுப்பு நிறம் தானே காயும். ஆயினும் பத்துப் பன்னிரண்டடி உயரத்திலே, காற்றோட்டத்திலே கட்டினால் கறுப்பு வலையின் சூட்டையும் காற்றுக் கொண்டு போய்விடும். உயரமும் காற்றும் இருந்தால் எளிய பொருளும் உதவும். அவ்விரண்டும் இல்லையேல் விலையுயர்ந்த பொருளும் உதவாது.

பாய்

பாய் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. படுக்கும் பாயும் பாய். மரக்கலத்தின் பாயும் பாய். பந்தலிலே கட்டிய துணியும் வலையும் காற்றடிக்கும்போது முதற்பொருளை விட்டு இரண்டாம் பொருளை எடுத்துக்கொள்ளும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் நாட்களிலே இதனை நாம் கண்ணாரக் காணலாம். பந்தல் கால்களோடு புறப்பட்டுவிடும்.

உரோமாபுரியார் இதனை நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் பெரிய அரங்கிலே, காண்போருக்கு மேலே துணி விரித்து நிழல் செய்தனர். அத்துணியைத் தாங்கும் மரங்களை நிறுத்துவதற்காக அரங்கின் உச்சியில் 240 கல்தாங்கிகள் அமைத்திருந்தனர். துணியை விரிக்கவும் சுருக்கவும் அமர்த்தப்பட்டவர் கடற்படை மாலுமிகள். நிழற்றுணியும் பாய்தான், அதனை ஆள்வதற்குக் காற்றின் குணமறிந்த கை வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். மாலுமிகளுக்குப் பெயர்போன கரையூர்கள் நமக்கும் உண்டு. வல்வெட்டித்துறையிலே கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்ததை யார் அறியார்?

துணியோ வலையோ கட்டுவார்க்குச் சில நெறிகள். நான்கு மூலைகளையும் ஒரே உயரத்திலே கட்டலாகாது. எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்றை இரண்டைத் தாழ்த்திக் கட்டினால் துணி முறுகி நின்று காற்றைத் தாங்கும், மழைநீரும் தேங்காது. ஓரங்களை நேராக வெட்டாமல் உள்வளைத்து வெட்டி, ஓரத்தினூடே கயிறு கோத்து இழுத்தால் ஓரம் படபடக்காது. படபடக்கும் துணி விரைவிற் கிழியும். கால்களைச் சற்று வெளிப்புறம் சாய்த்து நட்டு, ஒவ்வொரு காலையும் எதிர்ப்புறம் கயிற்றால் இழுத்து முளையிலே கட்ட வேண்டும். கிடுகுக்கு இத்தனை அச்சம் இல்லை. அது காற்றிற் சிறிதைத் தன்னூடே விட்டுவிடும்.

நெருப்பு

கிடுகைப் புகழ்ந்தேன். அதன் குற்றத்தையும் கூறாது விடுதல் அறமன்று. காய்ந்த ஓலை நொடியிலே பற்றும். 2004ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆம் நாள் கும்பகோணத்திலே ஒரு பாடசாலையின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கட்டிலே எழுந்த நெருப்பு ஓலைக் கூரைக்குத் தாவியது. ஒடுங்கிய வழியாற் பிள்ளைகள் வெளியேற முடியவில்லை. அதனை நினைந்தால் நெஞ்சு நடுங்கும். ஆதலின் வகுப்பறைக்கு ஓலைக் கூரை வேண்டா. முற்றத்துப் பந்தலாயினும் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். எப்பக்கத்தாலும் பிள்ளைகள் ஓடத்தக்கதாக இருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, வெடி, மின்கம்பி ஆகிய நான்கும் ஓலையை அணுகலாகாது. இவற்றுக்கு உறுதி கூற முடியாத இடத்திலே ஓலையை விட்டு வலையைக் கொள்ளுதலே அறிவு. அவ்வலையும் எரியக்கூடியதே, ஆதலின் காவல் அங்கும் வேண்டும்.

நிழல் யாருக்கு?

புறநானூற்றின் 35ஆம் பாட்டிலே வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனுக்கு அறிவுரை கூறுகின்றார். அரசன் குடை எதற்கு? தன் தலைக்கு வெயில் படாமைக்கா? அதற்கன்று, வருந்தும் குடிகளை மறைத்துக் காப்பதற்கு என்பது அவர் கூற்றின் கருத்து. அன்று அவர் வேண்டி நின்றது நிலத்துக்குரிய பழைய கடனின் நீக்கம். அதனைப் பெற்றும் சென்றார். புலவர் சொல்லுக்கு அரசன் செவி சாய்த்தான்.

நம் ஊர்களிலே பந்தலின் வரலாறு முழுவதும் பெருமைக்கு உரியதன்று. பந்தலுக்குக் கால் நட்டவரும் விதானத்துக்கு வெள்ளை கட்டியவரும் அதன் கீழே சமமாய் அமர இடம் பெறாத காலம் ஒன்று இருந்தது. நிழலைச் செய்த கைகள் வெயிலிலே நின்றன. அந்தக் காலத்தைக் கடந்துவிட்டோம் என்று மேடைகளிலே பேசுகின்றோம். பேசும் மேடைக்கு மேலே மின்விசிறி சுழல்கின்றது. கேட்கும் பிள்ளைகள் எங்கே இருக்கின்றார்கள் என்று பார்ப்பதில்லை. அன்று நானும் பார்க்கவில்லை. கொடி ஒன்று கொழுகொம்பின்றித் தளர்ந்தது கண்டு தேரை நிறுத்திய பாரியின் கதையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன், பிள்ளை தளர்ந்தது கண்டும் பேச்சை நிறுத்தவில்லை.

ஆதலின் என் விதி இது: பந்தலுக்கு இருப்பது எத்தனை அடியாயினும் ஆகுக, முதலிடம் சிறு பிள்ளைகளுக்கு. எஞ்சிய இடம் விருந்தினருக்கு. எஞ்சவில்லையாயின் விழாவைக் காலையில் வைத்துக்கொள்க. நல்லாவூர் கிழார் காட்டிய மணமே விடியலில் நிகழ்ந்ததன்றோ?

நாங்கள் இட்ட பந்தர்

ஆவணித் தொடக்கத்திலே எங்கள் பாடசாலையில் பேச்சுப் போட்டி ஒன்று நடந்தது. அதற்கு முந்திய கிழமை முதியவர் ஒரு வாங்கில் இருந்து கட்டளையிட, மேல்வகுப்பு மாணாக்கர் பந்தல் இட்டனர். மண்டபத்தின் மேற்குப் பக்கத்திலே கப்புகளை இரண்டடி தாழ்த்து நட்டார்கள். பந்தலின் உயர்ந்த விளிம்பைக் கூரையின் இறப்புக்கு ஓரடி மேலாக ஏற்றி, இறப்பின்மேற் சிறிது கவிய வைத்தார்கள். அவ்விடைவெளியால் வெயில் புகாது. சூடு மட்டும் வெளியேறும். மேற்கு விளிம்பு எட்டடிக்குத் தாழ்ந்தது.

முதல் நாள் தட்டியை நிலம்வரை இறக்கிக் கட்டிவிட்டோம். உள்ளே காற்று அசையவில்லை. முதியவர் வந்து பார்த்து, "இது என்ன, கோழிக்கூடோ?" என்றார். அவிழ்த்து மூன்றடி தூக்கிக் கட்டினோம். இரண்டாம் நாள் சோளகம் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. தும்புக் கயிற்றை இரட்டித்துக் கட்டினோம். போட்டியன்று காலையிலே மணலைக் கொணர்ந்து பரப்பி நீர் தெளித்தார்கள். காற்றோடும் இடத்திலே ஈரமணல் நெடுநேரம் குளிர்ந்திருந்தது.

பிற்பகல் மூன்று மணியளவில், கடைப்போலி கேட்ட அந்த மாணாக்கன் என்னைக் கூப்பிட்டான். பந்தலுக்கு அப்பால், வெயில் நேரே படும் பகுதியிலே சுவரில் உள்ளங்கையை வைத்தான், சட்டென எடுத்துக்கொண்டான். பின்பு பந்தலின் கீழ் அதே சுவரிலே கையை வைத்தான், எடுக்கவில்லை. "ஐயா, தொட்டுப் பாருங்கோ" என்றான். தொட்டுப் பார்த்தேன். ஒரே சுவர், ஒரே சீமெந்து, ஒரே நாள். அவன் பங்குனியிலே கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுவிட்டான்.

பந்தல் நிலையானதன்று. கிடுகு உக்கும், வலை கிழியும், கயிறு இறும். நிலையான நிழல் மரத்தின் நிழலே. ஆயினும் இன்று நட்ட வேம்பு நாளைக்கு நிழல் தராது. இன்று முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளையோ இன்று வெயிலில் இருக்கின்றாள். மரம் வளரும்வரை பந்தல் வேண்டும். பந்தலின்மேற் கொடித்தோடையையோ முந்திரிகையையோ படரவிட்டால் பந்தலே பாதி மரமாகிவிடும்.

நம் மணவீடுகளிலே பந்தலுக்கு முன்னே கன்னிக்கால் ஊன்றுவது வழக்கம். முள்முருக்கந் தடியை ஊன்றுவார்கள். நிலத்தில் ஈரமிருந்தால் அத்தடி வேர்விட்டுத் தளிர்க்கும். நம் வேலிக் கதியால்களும் அவ்வாறே. எங்கள் பந்தலின் மேற்குப் புறக் கப்புகளுக்கு அருகிலே, வரும் மாரியில், முள்முருக்கும் பூவரசும் நடுவதென்று மாணாக்கர் தீர்மானித்திருக்கின்றார்கள். நீர் ஊற்றும் முறையையும் வகுப்புவாரியாக எழுதிச் சுவரிலே ஒட்டியிருக்கின்றார்கள். கதியால்கள் கிளைவிட்டு வளர வளரக் கப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடலாம் என்பது முதியவரின் கணக்கு.